தண்ணீர் எழுதிய சரித்திரம்

நம் பழந்தமிழ்ப் புலவர்கள் பாலை என்று எதைச் சொன்னார்கள் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மணல் மேடுகளையும் ஒட்டகக் கூட்டங்களையும் அவர்கள் பாலைக்கு அடையாளமாகச் சொல்லவில்லை. காடும் மலையும் மழையில்லாமல் காய்ந்து, தம் இயல்பு கெட்டுப் போனால், அந்த நிலைமைக்கே பாலை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பாலை என்பது ஓர் இடமல்ல; ஒரு கஷ்டகாலம். ராஜஸ்தானத்தின் மேற்கே பரந்து கிடக்கும் தார்ப் பாலைவனத்தை மோட்டாரில் கடந்தபோது, அந்தப் பழைய வகுப்பில் எத்தனை நியாயம் இருக்கிறது என்று எனக்கு விளங்கிற்று. மணல் எல்லா ஊரிலும் ஒரே மணல்தான். ஓர் ஊர் பட்டணமாவதும் மற்றோர் ஊர் பாழாவதும் தண்ணீரைப் பொறுத்த விஷயம்.

ராஜபுத்திரர்களின் சரித்திரம் என்றதும் நமக்கு வாளும் குதிரையும் அக்கினிக் குண்டமுமே கண்முன் வருகின்றன. இதற்குப் பெரிய காரணம் கர்னல் ஜேம்ஸ் டாட் என்ற வெள்ளைக்கார உத்தியோகஸ்தர். அவர் 1829-லும் 1832-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட ராஜஸ்தான வரலாற்றைப் படித்துவிட்டு, நம் தேசத்தின் பல பாஷைகளிலும் கதாசிரியர்கள் பேனாவைக் கையில் எடுத்தார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் டாட் துரைக்கு நானும் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தப் பிரயாணத்தில் என்னுடன் வந்த நண்பருக்கு அந்த நன்றிக்கடன் கிடையாது. பழைய மனிதர்கள் மராமத்து இலாகா என்று சொல்வார்களே, அந்தப் பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். ஏரி, மதகு, கலிங்கு இவற்றில்தான் அவருக்கு உயிர். எந்தக் கோட்டை வாசலில் போய் நின்றாலும், "எத்தனை யுத்தம் நடந்தது?" என்று நான் கேட்பேன், "உள்ளே எத்தனை கிணறு?" என்று அவர் கேட்பார். நாலு நாளில் அவருடைய கேள்விதான் நல்ல கேள்வி என்று எனக்கே படலாயிற்று.

தை மாதத்தில் ஜோத்பூரிலிருந்து கிளம்பினோம். ஓசியான், பலோடி, பொக்ரான் வழியாக ஜெய்சல்மேர் வரை சுமார் முந்நூறு கிலோமீட்டர். சாலை வெகு அழகாகப் போட்டிருக்கிறார்கள். பழைய காலத்து வணிகர்கள் ஒட்டகத்தின் மேல் பல நாள் ஆடி ஆடிச் சென்ற தூரத்தை இன்று ஒரு பகலில் தாண்டிவிடலாம். நாங்கள் ஊர் ஊராக இறங்கிப் பார்த்துச் சென்றதால் நாலு நாள் ஆயிற்று.

ஜோத்பூரை ராவ் ஜோதா 1459-ம் வருஷத்தில் நிறுவினார். அதற்குமுன் மண்டோரில் இருந்த தலைநகரை, எதிரிகள் எளிதில் ஏற முடியாத பாறைக் குன்றின்மேல் கொண்டுவந்து வைத்தார். அந்தக் குன்றில் ஏற்கெனவே ஒரு துறவி குடியிருந்தாராம். பறவைகளுடன் பேசிக்கொண்டு நிம்மதியாக இருந்தவரை ராஜாவின் ஆட்கள் எழுப்பிவிட்டார்கள். துறவி கோபத்துடன் குன்றை விட்டு இறங்கியபோது என்ன சாபம் கொடுத்தார் தெரியுமா? ராஜ்யம் அழியட்டும் என்றோ, வம்சம் விளங்காமற் போகட்டும் என்றோ சொல்லவில்லை. "உன் கோட்டையில் தண்ணீருக்குப் பஞ்சம் இருக்கட்டும்" என்றாராம். அந்த ஊரில் பிறந்த சாபம் அது. காவேரிக் கரையில் இருக்கும் துறவி எவருக்கும் இப்படிச் சபிக்கத் தோன்றாது. ஜோதா துறவியைச் சமாதானப்படுத்தினார். கோயில் கட்டிக் கொடுத்தார். சாபத்துக்கு மாற்றாக அஸ்திவாரத்தில் ஒரு மனிதன் உயிரோடு புதைக்கப்பட்டான் என்றும் அவன் பெயர் ராஜாராம் மேக்வால் என்றும் சொல்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு ஜோதாவின் ராணி செய்த காரியம்தான் பலித்தது. மேஹரான்கட் என்ற அந்தப் பிரம்மாண்டமான கோட்டையின் அடிவாரத்தில் ராணிசர் என்று ஓர் ஏரி இருக்கிறது. அதை வெட்டுவித்தவள் அந்த ராணி. கோட்டையைப் பார்க்கிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட அந்த ஏரியை எட்டிப் பார்ப்பதில்லை.

ஜோத்பூருக்குத் தென்கிழக்கே சுமார் இருபத்தைந்து கிலோமீட்டரில் கேஜட்லி என்ற சிறு கிராமம் இருக்கிறது. கேஜடி என்னும் மரத்தால் வந்த பெயர். அந்த மரத்தைப் பார்த்ததும் நண்பர், "அடடே, நம் வன்னி மரம் ஐயா இது!" என்று கூவினார். வன்னிதான். விருத்தாசலம் கோயிலில் ஸ்தலவிருட்சமாக நிற்கிறதே, பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்த மரம் என்று விஜயதசமியன்று நாம் கும்பிடுகிறோமே, அதே மரம். நமக்கு அது பூஜைக்குரியது. பாலைவனத்து ஜனங்களுக்கோ அதுவே சோறும் நிழலும். கோடையில் எல்லாம் கருகிக் கிடக்கும்போது அது தழைக்கும். தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். காய் மனிதருக்குக் கறி. அதன் வேர் வெகு ஆழத்துக்குப் போய் நீரைத் தேடுவதால், கீழே விதைத்த கம்புக்கும் அது பகையாவதில்லை.

1730-ம் வருஷத்தில் ஜோத்பூர் மகாராஜா அபய்சிங்கின் புது மாளிகைக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டது. ஆட்கள் கோடரியுடன் இந்தக் கிராமத்துக்கு வந்தார்கள். இங்கே இருந்தவர்கள் பிஷ்னோய்கள். 1485-ல் ஜாம்போஜி என்ற மகான் ஏற்படுத்திய 29 விதிகளைக் கைக்கொண்டவர்கள். பச்சை மரத்தை வெட்டலாகாது என்பது அவற்றில் ஒன்று. அமிர்தாதேவி என்ற பெண்மணி ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். கோடரி அவள் மேல் விழுந்தது. அவளுடைய மூன்று பெண்களும் அப்படியே நின்று உயிர் விட்டார்கள். செய்தி பரவி ஊர் ஊராக ஜனங்கள் வந்து மரத்துக்கு ஒருவராக நின்றார்கள். மகாராஜா நிறுத்தச் சொல்லி உத்தரவு அனுப்புவதற்குள் 363 பேர் மாண்டு போனார்கள். இந்தத் தேசத்தில் சிம்மாசனத்துக்காக நடந்த யுத்தங்களை எண்ணி முடியாது. மரத்துக்காக, ஆயுதம் எடுக்காமல் நடந்த யுத்தம் இது. அந்த மாளிகையின் சுவரில் பூசிய சுண்ணாம்பைவிட இந்தப் பெயர்கள்தாம் நிலைத்திருக்கின்றன.

மறுநாள் ஓசியானில் எட்டாம் நூற்றாண்டு முதல் கட்டப்பட்ட கோயில்களைக் கண்டோம். மகாவீரருக்கு ஒரு கோயில், சச்சியா மாதாவுக்கு ஒரு கோயில், சூரியனுக்கும் விஷ்ணுவுக்கும் வேறு கோயில்கள். ஒரு காலத்தில் வணிகச் சாத்துக்கள் தங்கிச் சென்ற பெரிய பட்டணம். இன்று இந்தியா முழுவதும் வியாபாரத்தில் பேர்போன ஓஸ்வால் வகுப்பார் இவ்வூரின் பெயரைத்தான் சுமந்து திரிகிறார்கள். ஊர் சிறுத்துவிட்டது, பெயர் உலகம் சுற்றுகிறது.

அங்கிருந்து பலோடி. 2016-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி இங்கே வெயில் 51 டிகிரி செல்ஸியஸ் அடித்தது. நாங்கள் போன தை மாதத்திலோ சால்வையைப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. பக்கத்தில் கீசன் என்ற கிராமத்தில், வடக்கேயுள்ள குளிர் நாடுகளிலிருந்து வந்த கொக்கு இனப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கித் தானியம் பொறுக்கிக்கொண்டிருந்தன. ஊரார் தினந்தோறும் தானியம் இறைக்கிறார்கள். வெயிலுக்குப் பேர்போன ஊரின் பக்கத்தில் இத்தனை விருந்தாளிகள்!

இந்தப் பலோடிப் பக்கம் 1542-ம் வருஷத்தில் ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தார். அவருக்கு இவ்வளவு நல்ல வரவேற்புக் கிடைக்கவில்லை. அவர்தான் ஹுமாயூன் பாதுஷா. சௌஸாவிலும் கன்னோஜிலும் ஷேர்ஷாவிடம் தோற்று, ராஜ்யத்தை இழந்து, ஜோத்பூர் ராஜா மால்தேவின் உதவியை நம்பி வந்தவர். மால்தேவின் எண்ணம் மாறிவிட்டது என்று தெரிந்ததும் திரும்பி, ஜெய்சல்மேர் வழியாகச் சிந்து தேசத்தை நோக்கி ஓடினார். கூடவே கர்ப்பிணியான ஹமீதா பேகம். ஜெய்சல்மேர் ராஜாவாகிய ராவல் லூணகரணுக்கு, தம் எல்லைக்குள் அனுமதியின்றி நுழைந்தார்கள், பசுக்களைக் கொன்றார்கள் என்று ஆத்திரம். அவர் படையை அனுப்பிச் சண்டை போடுவதற்குமுன் அதைவிடக் கொடிய காரியத்தைச் செய்தார். வழியிலிருந்த கிணறுகளை மணல் போட்டு மூடிவிடச் சொன்னார்.

இந்தக் கதையை நமக்கு எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஜௌஹர் என்ற பணியாள். பாதுஷாவுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவது அவருடைய உத்தியோகம். தண்ணீர் ஊற்றுகிறவரே தண்ணீரில்லாத யாத்திரையின் சரித்திரத்தை எழுத நேர்ந்த பொருத்தத்தைக் கதையில் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள். கிணறுகள் வெகு ஆழமாம். ஏற்றத்து மாடு நடந்து போன தூரத்துக்குக் குரல் எட்டாது என்று, வாளி மேலே வந்ததும் முரசு அடித்துத் தெரிவித்தார்களாம். வாளி வந்ததும் ஜனங்கள் அதன்மேல் பாய்ந்ததில் கயிறு அறுந்து, வாளியுடன் மனிதர்களும் கிணற்றில் விழுந்தார்கள். ஒருவழியாக உமர்கோட்டைச் சேர்ந்தபோது அங்கே இருந்த ராணா இடம் கொடுத்தார். அந்த வருஷம் அக்டோபர் 15-ந் தேதி அங்கே பிறந்த குழந்தைதான் அக்பர். தகப்பனார் அப்போது ஊரில் இல்லை. செய்தி வந்தபோது பரிசு கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. ஒரு கஸ்தூரிப் பை இருந்தது. அதை உடைத்துப் பீங்கான் தட்டில் வைத்து எல்லோருக்கும் பகிர்ந்தார். கிணறுகளை மூடிய அந்த மணல் இன்னும் கொஞ்சம் பலித்திருந்தால் அக்பரும் இல்லை, ஃபதேபூர் சிக்ரியும் இல்லை, தாஜ்மகாலும் இல்லை.

பொக்ரானை அடைந்தபோது மத்தியானம். 1974-ம் வருஷம் மே 18-ந் தேதியும், பிறகு 1998-ல் மே 11, 13 தேதிகளிலும் இந்த மணலுக்கடியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தார்கள். 1998-ல் அதற்கு முன்நின்றவர்களில் ஒருவர் நம் ராமேசுவரத்துக் கடற்கரை மணலில் விளையாடி வளர்ந்த அப்துல் கலாம் என்பதை நினைத்துக்கொண்டேன். 1974-ல் முதலில் தோண்டிய குழியில் தண்ணீர் வந்துவிட்டதாம். அணுகுண்டுக்கு ஈரம் ஆகாது. ஆகவே அந்தக் குழியைக் கைவிட்டு, கிணறு வற்றியதால் ஜனங்கள் விட்டுப்போன ஒரு கிராமத்தின் பக்கம் வேறு குழி தோண்டினார்கள். பாலைவனத்தின் சரித்திரத்திலேயே தண்ணீரைக் கண்டு முகம் சுளித்த சந்தர்ப்பம் அது ஒன்றுதான் இருக்கும்.

சாயங்கால வெயிலில் ஜெய்சல்மேர் தெரிந்தது. மஞ்சள் கல்லில் கட்டிய கோட்டை, மஞ்சள் வெயில், மஞ்சள் மணல். சத்யஜித் ராய் 1974-ல் எடுத்த படத்தில் அதைத் தங்கக் கோட்டை என்றே சொல்லிவிட்டார். பாட்டி ராஜபுத்திரர்களின் தலைவன் ராவல் ஜெய்சல், லோத்ருவாவிலிருந்து பிரிந்து வந்து, 1156-ல் திரிகூட மலைமேல் இதை எழுப்பினான். பாறையைக் கண்ணபிரான் சக்கரத்தால் அடித்து நீர் வரவழைத்தார் என்று ஸ்தல புராணம். அந்தக் கிணறு எங்கே என்று நண்பர் உடனே விசாரித்துக்கொண்டு போனார்.

ஆனால் ஊரைச் சுமார் அறுநூறு வருஷம் காப்பாற்றியது வேறு நீர். பதினாலாம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி அமைத்த கடிசர் ஏரி, 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஊராருக்குத் தண்ணீர் கொடுத்தது. வருஷத்துக்கு இருநூறு மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத இடம். பெய்கிற மழையை நெடுந்தூரத்திலிருந்து வாய்க்கால் பிடித்துக் கொண்டுவந்து, ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு என்று வரிசையாக விட்டிருக்கிறார்கள். "எங்கள் செங்கற்பட்டு ஏரித் தொடர் மாதிரியே!" என்று நண்பர் ஆனந்தப்பட்டார். ஏரிக்குப் போகும் வழியில் ஓர் அலங்கார வாசல். தீலோன் என்ற தாசி கட்டியது. தாசி கட்டிய வாசலின் கீழ் ராஜவம்சம் நுழைவதா என்று எதிர்ப்பு வந்தபோது, அவள் வாசலின்மேல் கிருஷ்ணன் சன்னிதியை அமைத்து, யாரும் இடிக்க முடியாமல் செய்துவிட்டாளாம். அவள் கெட்டிக்காரி!

கோட்டைக்குள் ஜைனக் கோயில்களின் அடியில் ஒரு புத்தக பண்டாரம் இருக்கிறது. ஜினபத்ர சூரி என்ற ஆசாரியர் 15-ம் நூற்றாண்டில் ஏற்படுத்தியது. 1060-ம் வருஷத்தில் சித்திரங்களுடன் எழுதிய ஓலைச் சுவடி ஒன்று இந்தப் பண்டாரத்துப் பொக்கிஷம். அதாவது கோட்டைக்கே வயதில் மூத்த ஏடு! நம் ஊரில் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்தபோது செல்லும் ஈரமும் அவருக்குமுன் போய்த் தின்றுவிட்ட நூல்கள் எத்தனை! தண்ணீர் நிறைந்த நாட்டில் ஏடு அழிந்தது. தண்ணீரில்லாத நாட்டில் பிழைத்தது. கிடைக்காத பொருளுக்கும் ஒரு கொடை உண்டு போலும்.

இந்த உண்மைதான் இன்று கோட்டைக்கு எமனாக வந்திருக்கிறது. 99 கொத்தளங்களுடன் எத்தனையோ முற்றுகைகளைச் சமாளித்த கோட்டை இது. லூணகரண் காலத்தில், சரணாகதி என்று உள்ளே வந்தவன் வஞ்சகமாகத் தாக்க, அக்கினி வளர்க்க நேரமில்லாமல் ராவல் தம் அந்தப்புரப் பெண்களை வாளால் வெட்டினார் என்றும், அதன் பிறகு உதவிப்படை வந்து வெற்றி கிடைத்தது என்றும் பாணர்கள் பாடுகிறார்கள். கிணற்றை மூடச் சொன்ன அதே ராவல்தான். அத்தனை ரத்தத்தையும் தாங்கிய மலை, குழாய்த் தண்ணீரைத் தாங்கவில்லை. அடியில் இருப்பது களிமண் கலந்த பாறை. பெண்கள் தலையில் குடம் சுமந்து தண்ணீர் கொண்டுவந்த காலத்தில் ஒரு சொட்டும் வீணாகவில்லை. குழாய் வந்தது; விடுதிகள் வந்தன; கழிவுநீர் பாறைக்குள் இறங்கியது. 1990-களில் கொத்தளங்கள் சில சரிந்தன. 1996-ல் உலக நினைவுச்சின்ன நிதியம் இதை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2013-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பழுதுபார்க்கும் வேலைகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் கோட்டைக்குள் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அவர்களைத் தண்ணீர் குடிக்காதே என்று யார் சொல்ல முடியும்?

ஊருக்குள் பட்வா குடும்பத்தாரின் மாளிகைகளைப் பார்த்தோம். குமான் சந்த் பட்வா ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து மாளிகையாக 1805-ல் ஆரம்பித்தது. கல்லை மெழுகாக எண்ணிச் செதுக்கியிருக்கிறார்கள். பம்பாய்த் துறைமுகமும் ரயிலும் வந்ததும் ஒட்டக வியாபாரம் படுத்தது; 1947-ல் எல்லை போட்டதும் சிந்து தேசத்துப் பாதை அடியோடு அடைபட்டது. மாளிகைகள் மிஞ்சின.

கடைசி நாள் குல்தாராவுக்குப் போனோம். ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் பதினெட்டுக் கிலோமீட்டர். நேர் நேரான தெருக்கள், கூரையில்லாத வீடுகள், ஓர் ஆள் இல்லை. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த கிராமம். ஜெய்சல்மேர் திவான் ஸாலிம் சிங் இவர்கள் தலைவரின் பெண்மேல் கண் வைத்தான்; மானத்துக்கு அஞ்சி 84 கிராமத்து ஜனங்களும் ஒரே இரவில், இங்கே யாரும் இனிக் குடியேறாதிருக்கட்டும் என்று சபித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று கதை. எங்கள் டிரைவர் இதைக் கண்ணில் நீர் வரச் சொன்னார்.

கதாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கொடிய மந்திரி, அழகிய பெண், நிலவில்லாத இரவு, சாபம். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 1815-க்குள்ளேயே ஊர்க் கிணறுகளில் பெரும்பாலானவை வற்றிவிட்டன. 1890-ஐ ஒட்டியும் இங்கே 37 பேர் இருந்திருக்கிறார்கள். ஸாலிம் சிங் கொடியவன் என்பதில் சந்தேகமில்லை. டாட் துரையே அவனுடைய வரிக் கொடுமையை எழுதியிருக்கிறார். நிலநடுக்கமும் காரணம் என்று 2017-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. எப்படியானாலும் ஒரே இரவில் யாரும் போகவில்லை. கிணறு ஒவ்வொன்றாக வற்ற, வரி வருஷத்துக்கு வருஷம் ஏற, வீடு வீடாகப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். முதலில் போனவனுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க ஊர் இருந்தது. கடைசியாகப் போன கிழவனுக்கோ கிழவிக்கோ விடைகொடுக்க ஆள் இல்லை. சாபக் கதையைவிட எனக்கு இதுதான் நெஞ்சை அடைக்கிறது. ஒரே இரவில் போனார்கள் என்றால் குற்றம் ஒரு துஷ்டனோடு தீர்ந்து போகும். எழுபது எண்பது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்கள் என்றால், அத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருமே பதில் சொல்லியாக வேண்டும். சாபக் கதை பிறந்ததற்கு இதுவே காரணமாயிருக்கலாம்.

"இடிந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறீரே, இங்கே வாரும் ஐயா" என்று நண்பர் ஊருக்கு வெளியே, சற்றுத் தூரத்துக்கு அழைத்துச் சென்றார். தாழ்ந்த நிலத்தின் குறுக்கே ஒரு நீண்ட மண்கரை. இதற்குக் கடீன் என்று பெயர். சுற்றியுள்ள பாறை நிலத்தில் விழும் மழையெல்லாம் ஓடிவந்து இந்தக் கரையில் தேங்கும். மண் ஊறிய பிறகு, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். மேலே தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். மழை இவ்வளவு குறைந்த இடத்தில் கோதுமை! பாலிவால்கள் இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள். "இதோ கலிங்கு, இதோ மதகு" என்று நண்பர் கைத்தடியால் தட்டிக் காட்டினார். கட்டியவர்கள் போய்ப் பல தலைமுறையாயிற்று. ஜெய்சல்மேர்ப் பக்கத்தில் இப்படிப்பட்ட பழைய கடீன்கள் பலவற்றில் இன்றும் வேறு ஜனங்கள் விதைத்து அறுக்கிறார்கள். நாங்கள் பார்த்த கரைக்குள்ளும் கோதுமை முழங்கால் உயரம் பச்சையாக நின்றது.

1958-ல் அஸ்திவாரம் போட்ட பெரிய கால்வாய், சட்லெஜ், பியாஸ் நதிகளின் தண்ணீரை இன்று இந்த ஜில்லா வரைக்கும் கொண்டுவருகிறது. அது வந்தபின் சில இடங்களில் நீர் தேங்கி, உப்புப் பூத்து நிலம் கெட்டதும் உண்டு. தண்ணீர் போதாமல் குல்தாரா அழிந்தது. தண்ணீர் மிஞ்சிக் கோட்டை சரிகிறது. அளவறிந்து கட்டிய மண்கரை மட்டும் தன் காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது. அதைக் கட்டியவன் பெயரை டாட் துரையும் எழுதவில்லை, பாணர்களும் பாடவில்லை. கோதுமையின் நடுவே குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், கரையைக் கட்டியது யார் என்று டிரைவர் மூலம் கேட்டேன். அவள் நிமிர்ந்து, "பழைய ஆட்கள்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் வேலையில் ஆழ்ந்தாள்.